வி.பி.என். என்னும் சுரங்க வழி

நம்மவர் இந்நகருக்கு வந்தது பிழைப்பைத் தேடி என்பதை யாவரும் அறிவோம். தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் ஒரு சாரார். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, மாதுங்காவில் குடியிருந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று வந்தவர்கள் மற்றொரு சாரார். இடம் போதாமல் பின்னர் செம்பூருக்குப் பெயர்ந்தவர்களும் பலர். இவர்கள் எல்லோருக்கும் ஒன்று பொதுவாக இருந்தது. அலுவலகம் வேறு, வீடு வேறு. மாலையில் அலுவலகக் கதவு சாத்தப்பட்டால் அதன் கோப்புகளும் கணக்கு ஏடுகளும் அங்கேயே பூட்டப்பட்டுவிடும். வீட்டுக்கு வருபவர் வெறுங்கையுடன் வருவார்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அந்த வேற்றுமை மறைந்தது. அலுவலகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஊரடங்கு நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது வீட்டிலிருந்தே பணி செய்யும் பிள்ளைகளும் மருமகள்களும் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். சமையல் நடக்கும் அதே அறையில், பாட்டி படுத்திருக்கும் கட்டிலின் ஓரத்தில், வங்கிகளின் கணக்குகளும் அயல்நாட்டு மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்புகளும் திரையில் விரிகின்றன. அவற்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் வழிக்குத்தான் வி.பி.என். என்று பெயர்.

இச்சொல் இப்போது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. அலுவலகத்துக்கு அது வேண்டும் என்கிறாள் மகள். அதைப் போட்டால் வெளிநாட்டுப் படம் பார்க்கலாம் என்கிறான் பேரன். அதைப் போட்டுத்தான் வீட்டாருடன் பேசுகிறேன் என்கிறார் துபாயிலிருக்கும் மைத்துனர். மூவரும் ஒரே பெயரைச் சொன்னாலும் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது கடமை, இரண்டாவது ஆசை, மூன்றாவதோ ஆபத்து. இந்த வேற்றுமையை விளக்கி, பலவகைக் கருவிகளிலும் இதனை அமைத்துக்கொள்ளும் முறையையும் எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

இதன் பொருள் யாது?

'விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்' என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளே வி.பி.என். பொதுப் பாதையின் மீதே அமைத்துக்கொள்ளும் தனிப் பாதை என்று இதற்குப் பொருள் கூறலாம். பிறர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாதாகையால் சுரங்க வழி என்றும் இதனை வழங்குவர்.

நம் நகரின் டப்பாவாலாக்களை அறியாதவர் இல்லை. வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் வண்ணத்திலும் எழுத்திலும் சில குறிகள் இருக்கும். எந்த ரயில் நிலையத்தில் இறக்குவது, எந்தக் கட்டிடம், எத்தனையாவது மாடி என்பதை அக்குறிகளே சொல்லும். உள்ளே இருப்பது சாம்பார் சாதமா, தயிர் சாதமா என்பது சுமப்பவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பேட்டையிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்பது தெரியும்.

இணையத்தில் நாம் அனுப்பும் செய்தியும் இத்தகையதே. முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கும் தளங்களில் நாம் எழுதுவதும் படிப்பதும் மூடிய டப்பாவுக்குள் இருப்பவை. வழியில் நிற்பவர் திறந்து பார்க்க இயலாது. ஆயினும் நாம் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பதை இணைப்பு வழங்கும் நிறுவனம் அறியும். வி.பி.என். செய்வது என்னவெனில், அந்த டப்பாவை அப்படியே வேறொரு பெரிய பூட்டிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் ஒரே ஒரு முகவரியை எழுதிவிடுவது. அம்முகவரி வி.பி.என். நிலையத்தினுடையது. வழியில் உள்ளோர் அந்தப் பெட்டியை மட்டுமே காண்பர். நிலையத்தில் பெட்டி திறக்கப்பட்டு, உள்ளிருக்கும் டப்பா தனக்குரிய இடத்துக்கு அனுப்பப்படும். டப்பாவைப் பெறுபவர் அது நிலையத்திலிருந்து வந்ததாகவே எண்ணுவார். நம் வீட்டு முகவரி அவருக்குத் தெரியாது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வழியில் இருப்பவர் அறியாததை நிலையத்தில் இருப்பவர் அறிவார். அதுவரை இணைப்பு நிறுவனத்துக்குத் தெரிந்தது இனி வி.பி.என். நடத்துபவருக்குத் தெரியும். ஆகவே வி.பி.என். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகிறதே அன்றி, நம்பிக்கையின் தேவையை நீக்கிவிடவில்லை. யாரை நம்புகிறோம் என்பதே இவ்விஷயம் முழுவதற்கும் அச்சாணி.

வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அந்நாளில் அதைப் பெற்ற நகரங்களில் பம்பாயும் சென்னையும் அடங்கும். அதற்கு அடுத்த ஆண்டே, வெளியூரிலிருந்து அலுவலகக் கணிப்பொறியை அடைவதற்காக மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள் 'பி.பி.டி.பி.' என்னும் முறையை வகுத்தன. காலப்போக்கில் அதன் பூட்டு பலவீனமானது என்று தெரிந்தது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளிலிருந்து அதனை நீக்கிவிட்டது. இன்றும் எங்கேனும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்படி சொன்னால் மறுத்துவிடுவதே நலம்.

2001இல் 'ஓப்பன்.வி.பி.என்.' வந்தது. 2005இல் 'ஐ.கே.இ. 2' என்னும் முறை வரையறுக்கப்பட்டது; செல்லும் வழியில் வை-பையிலிருந்து கைப்பேசி இணைப்புக்கு மாறினாலும் அறுந்துபோகாமை அதன் சிறப்பு. பின்னர் வந்த 'வயர்கார்டு' ஏறத்தாழ 4,000 வரி நிரலில் அடங்கும் அளவுக்குச் சிறியது. சிறியதாகையால் அதனை அறிஞர்கள் முழுதும் படித்துச் சோதிக்க முடிந்தது. 2020 மார்ச் 29 அன்று வெளியான லினக்ஸ் 5.6இல் அது இடம்பெற்றது. நாம் வீட்டுக்குள் அடைபட்ட அதே வாரத்தில், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நல்லதொரு பாதை சித்தமாயிற்று என்பது ஒரு பொருத்தமே. இன்று புதிதாக அமைப்போர் ஓப்பன்.வி.பி.என்., ஐ.கே.இ. 2, வயர்கார்டு ஆகிய மூன்றில் ஒன்றைக் கொள்வது போதும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

முதலாவதாக, அலுவலகம் கட்டளையிட்டவருக்குத் தேவை. அங்கே விருப்பத்துக்கு இடமில்லை.

இரண்டாவதாக, ரயில் நிலையம், விமான நிலையம், தங்கும் விடுதி ஆகியவற்றின் பொது வை-பையை அடிக்கடி பயன்படுத்துபவருக்கு உதவும். கூகுளும் ரயில்டெல்லும் இணைந்து நடத்திய நிலைய வை-பை 2016 ஜனவரியில் நம் மும்பை சென்ட்ரலில்தான் முதலில் தொடங்கியது. 2020இல் கூகுள் விலகிய பின்னும் ரயில்டெல் அச்சேவையை நடத்தி வருகிறது. இத்தகைய இடங்களில் உண்மையான வை-பையின் பெயரையே சூட்டிக்கொண்டு எவரேனும் போலி இணைப்பு ஒன்றை விரித்து வைக்கக்கூடும். பூட்டிய பெட்டியில் அனுப்பினால் அந்தப் போலிக்கு ஒன்றும் அகப்படாது.

மூன்றாவதாக, வெளிநாடு சென்றவர்கள் இங்குள்ள சில தளங்களை அடைய இயலாதபோது, அந்நாட்டுச் சட்டமும் அத்தளத்தின் விதியும் இடங்கொடுத்தால், இதனை நாடலாம்.

வீட்டிலிருந்தே வங்கிச் செயலியைத் திறந்து மின்கட்டணம் செலுத்துபவருக்கு வி.பி.என். அவசியமில்லை. அச்செயலி ஏற்கெனவே மூடிய டப்பாவில்தான் செய்தி அனுப்புகிறது. உண்மையில், வி.பி.என். இயங்கும்போது சில வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் வேலை செய்ய மறுக்கும். அப்போது வி.பி.என்.னைச் சற்றே நிறுத்திவிட்டுப் பணத்தை அனுப்பலாம்.

மற்றொன்றும் கூற வேண்டும். 'வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று கேட்பவனிடமிருந்து எந்த வி.பி.என்.னும் நம்மைக் காக்காது. நாமே வாயைத் திறந்து சொல்லும் இரகசியத்துக்குப் பூட்டு ஏது? அவ்வாறு பணம் பறிபோனால் ஒரு கணமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்பதே வழி.

அலுவலகக் கணிப்பொறியில்

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் வி.பி.என். பெரும்பாலும் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும். பயனர் பெயர், கடவுச்சொல், கைப்பேசியில் தோன்றும் ஆறு இலக்க எண் ஆகிய மூன்றையும் கொடுத்தால் பாதை திறக்கும். திறக்காவிடில் பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்கவும்.

முதலில் வி.பி.என். இல்லாமல் இணையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிடில் குற்றம் வீட்டு இணைப்பில் இருக்கிறது. அடுத்து, கணிப்பொறியின் தேதியும் நேரமும் சரியா என்று நோக்க வேண்டும். கடிகாரம் தவறாயின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகக் கருதப்பட்டு இணைப்பு மறுக்கப்படும். ரயில் நிலையம் அல்லது விடுதியின் வை-பை ஆனால், அதற்குரிய நுழைவுப் பக்கத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து அனுமதி பெற்ற பிறகே வி.பி.என்.னை இயக்க வேண்டும். இணைப்புக் கிடைத்தும் அலுவலகக் கோப்புகள் மட்டும் திறக்காவிட்டால், வீட்டு ரூட்டரின் எண்வரிசையும் அலுவலகத்தின் எண்வரிசையும் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் '192.168.1' என்று தொடங்கினால் கணிப்பொறி திகைத்துப்போகும். ரூட்டரின் வரிசையை '192.168.50' என்பது போல மாற்றிவிட்டால் தீரும். அதற்குரியவரைக் கொண்டு ஒருமுறை செய்தால் போதும்.

இவை யாவினும் முக்கியமானது வீட்டார் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு. வி.பி.என். இயங்கும் மடிக்கணினி என்பது அலுவலகத்தின் திறந்த கதவு. அதில் குழந்தை விளையாட்டைப் பதிவிறக்கினாலும், தம்பி பென் டிரைவைச் செருகினாலும், வருவது அலுவலகத்துக்குள்ளேயே போய்ச் சேரும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அந்தக் கணிப்பொறிக்குக் கையெழுத்திட்டு வாங்கியவர். ஒரு சம்பளத்தை நம்பி ஐந்து பேர் வாழும் வீட்டில் இது விளையாட்டான செய்தியன்று. ஒற்றை அறையே வீடாக இருப்பினும், அலுவலகக் கணிப்பொறிக்கு ஓர் இடமும், அதைப் பிறர் தொடக்கூடாதென்னும் ஒரு விதியும், எழுந்து போகும்போது திரையைப் பூட்டும் பழக்கமும் இருத்தல் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் விண்டோஸ் விசையையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

வீட்டு ரூட்டரைப் பொருத்தியவர் விட்டுச்சென்ற பழைய கடவுச்சொல்லை மாற்றிவிடுவதும் நன்று. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு அலமாரியை மட்டும் பூட்டுவதில் பயனில்லை அல்லவா?

கைப்பேசியில்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில், பிளே ஸ்டோரிலிருந்து தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் செயலியைப் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயர் போலத் தோன்றும் பல செயலிகள் அங்கு உண்டு. ஆகையால் வெளியிட்டவர் பெயரைப் படித்துப் பார்த்தல் அவசியம். முதன்முறை இயக்கும்போது, 'இந்தச் செயலி வி.பி.என். இணைப்பு ஏற்படுத்த விரும்புகிறது' என்ற பொருளில் கைப்பேசியே அனுமதி கேட்கும். இசைந்தால், திரையின் மேல்விளிம்பில் சிறு சாவிக் குறி தோன்றும். அக்குறி இருக்கும்வரை சுரங்க வழி திறந்திருக்கிறது என்று அறியலாம். நாம் கேளாமலே அச்சாவி தோன்றினால், ஏதோ ஒரு செயலி நம் செய்திகளைத் தன் வழியே திருப்பிக்கொண்டிருக்கிறது என்று கொண்டு, உடனே ஆராய வேண்டும்.

தனிச் செயலி இல்லாமல், அலுவலகம் கொடுத்த விவரங்களைக் கொண்டும் அமைக்கலாம். செட்டிங்ஸ், அதனுள் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதனுள் வி.பி.என். என்று சென்று, கூட்டல் குறியைத் தொட்டு, நிலையத்தின் முகவரியையும் அடையாள விவரங்களையும் எழுத வேண்டும். கைப்பேசியைச் செய்த நிறுவனத்துக்கு ஏற்பப் பெயர்கள் சற்று மாறுபடும். அப்போது செட்டிங்ஸ் பகுதியின் தேடுமிடத்தில் வி.பி.என். என்று எழுதினால் வழி தெரியும். அங்கே 'ஆல்வேஸ் ஆன்' என்றொரு வசதி உண்டு. அதனுடன், வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடுக்கும் வசதியையும் சேர்த்து வைத்தால், சுரங்கம் இடையில் இடிந்தாலும் செய்தி வெளிப்பாதையில் போய்விடாது. அலுவலகக் காரியத்துக்கு இது உகந்தது.

ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து செயலியைப் பதித்தவுடன், வி.பி.என். அமைப்பைச் சேர்க்க இசைவு கேட்கப்படும். கைப்பேசியின் கடவு எண்ணைக் கொடுத்தால் காரியம் முடிந்தது. கையால் அமைப்பதாயின் செட்டிங்ஸ், ஜெனரல், வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்று சென்று, 'ஐ.கே.இ.வி.2' என்பதைத் தேர்ந்தெடுத்து விவரங்களை நிரப்ப வேண்டும். இதே இடத்தில் நாம் அறியாத 'புரொபைல்' ஏதேனும் இருந்தால் அதனை நீக்கிவிடலாம். அலுவலகம் கொடுத்த கைப்பேசியானால் மட்டும் கேளாமல் நீக்கலாகாது.

சொந்தக் கணிப்பொறியிலும் தொலைக்காட்சியிலும்

விண்டோஸ் கணிப்பொறியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வி.பி.என்., ஆட் வி.பி.என். என்று சென்றால் ஒரு படிவம் திறக்கும். இணைப்புக்கு நாம் சூட்டும் பெயர், நிலையத்தின் முகவரி, முறை, அடையாள விவரம் ஆகியவற்றை நிரப்பிச் சேமிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்க. கூரை ஒழுகும் வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பயனில்லை. கணிப்பொறியைப் புதுப்பித்த பிறகே வி.பி.என்.னைப் பற்றி எண்ண வேண்டும். மேக் கணிப்பொறியில் சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் வி.பி.என். என்பதைத் தேடி இவ்வாறே செய்யலாம்.

ஆண்ட்ராய்டு வகைத் தொலைக்காட்சிகளில் கைப்பேசியைப் போலவே பிளே ஸ்டோரிலிருந்து செயலியைப் பெறலாம். ஆப்பிள் டி.வி.யில் 2023இல் வந்த 'டி.வி.ஓ.எஸ். 17' முதல் இவ்வசதி உண்டு. மற்றவற்றுக்கு ரூட்டரிலேயே வி.பி.என்.னை அமைப்பதுதான் வழி. அவ்வாறு அமைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அதன் வழியே செல்லும். ஆனால் எல்லா ரூட்டரும் இதற்கு ஏற்றவையல்ல. இணைப்பு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தவற்றில் இவ்வசதி பெரும்பாலும் இராது.

அமைத்த பின் சோதித்தல் வேண்டும். வி.பி.என். இல்லாதபோது நம் ஐ.பி. முகவரி யாது என்று ஒரு தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்க. பின்னர் இயக்கிவிட்டு மறுபடியும் பார்க்க. எண் மாறியிருந்தால் சுரங்கம் வேலை செய்கிறது.

வேகம் குறைகிறதே என்பாருக்கு ஒரு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். மும்பையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். ஆகவே அங்குள்ள நிலையத்துக்குச் சென்று திரும்பவே நொடியில் ஆயிரத்தில் 39 பங்கு கழியும். நியூயார்க் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் தூரம் 12,500 கிலோமீட்டர். கழிவது ஆயிரத்தில் 125 பங்கு. கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லையாகையால் உண்மையில் இன்னும் மிகும். முகமும் குரலும் பொருந்தாமல் காணொளிப் பேச்சு தடுமாறுவதற்கு இத்தூரமும் ஒரு காரணம். அருகிலுள்ள நிலையத்தைத் தேர்வதே அறிவுடைமை.

இலவசம் என்னும் தூண்டில்

'இலவச வி.பி.என்.' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். கடல் கடந்த நாடுகளில் கணிப்பொறி நிலையங்களை வாடகைக்கு எடுத்து, ஆளமர்த்தி நடத்தும் ஒரு தொழிலை எவரும் தருமத்துக்குச் செய்யமாட்டார். பணம் நம்மிடமிருந்து வரவில்லையெனில், நம்மைப் பற்றிய செய்தியை விற்று வருகிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும்.

2016இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சியாளர்களும் பிறரும் ஆண்ட்ராய்டுக்குரிய 283 வி.பி.என். செயலிகளைச் சோதித்தனர். 100க்கு 38 செயலிகளில் தீய நிரலின் அறிகுறிகள் காணப்பட்டன. 100க்கு 75 செயலிகளில் பயனரைப் பின்தொடரும் பிறருடைய நிரல்கள் இருந்தன. 100க்கு 18 செயலிகள் செய்தியைப் பூட்டவே இல்லை. 'ஹோலா' என்னும் இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றுவந்தது 2015இல் வெளிப்பட்டது. பேஸ்புக் நிறுவனத்துக்குச் சொந்தமான 'ஒனாவோ', பாதுகாப்பு என்ற பெயரில் மக்கள் எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தொகுத்துக்கொண்டிருந்தது. அது 2018இல் ஆப்பிளின் கடையிலிருந்தும் 2019இல் கூகுளின் கடையிலிருந்தும் நீங்கிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எல்லா இலவசச் சேவையும் தீயதென்று கூறமாட்டோம். கட்டணம் செலுத்துவோரைக் கொண்டு நடத்தி, சிறு அளவில் இலவசமாகவும் தரும் சில நல்ல நிறுவனங்கள் உண்டு. தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க. நடத்துபவர் யார், எந்நாட்டில் இருக்கிறார் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து அதன் அறிக்கையை வெளியிட்டிருக்கிறார்களா? வி.பி.என்.னுக்குத் தொடர்பில்லாத தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்தி போன்றவற்றை அச்செயலி கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால் அப்போதே விலகிவிடலாம்.

கட்டணச் சேவையை எடுப்பவர்கள் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பாராமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்குமுன் 24 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். அவ்வறிவிப்பைப் படிக்காமல் அழித்துவிடலாகாது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் தனிமனிதர் வி.பி.என். பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தற்காலிகத் தடையாணைகள் பிறப்பிக்கப்பட்டுள்ளன. ஆயினும் வி.பி.என். இல்லாமல் செய்தால் குற்றமானது, வி.பி.என். கொண்டு செய்தாலும் குற்றமே.

2022 ஏப்ரல் 28 அன்று 'செர்ட்-இன்' என்னும் மத்திய அரசு அமைப்பு ஓர் ஆணை வெளியிட்டது. பொதுமக்களுக்கு வி.பி.என். விற்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐ.பி. முகவரி, சேவையைப் பெறும் நோக்கம் முதலியவற்றை, அவர் விலகிய பின்னும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அது 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றங்களைக் கண்டுபிடிக்க இது தேவை என்றது அரசு. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதே எங்கள் தொழில் என்று கூறி, எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ப்ஷார்க், நார்டு வி.பி.என்., புரோட்டான் முதலிய நிறுவனங்கள் இந்நாட்டிலிருந்த தம் நிலையங்களை அகற்றிக்கொண்டன. அலுவலகங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு இவ்விதி பொருந்தாது என்று பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. ஆகையால் வீட்டிலிருந்து பணி செய்வோர் இதுபற்றிக் கவலை கொள்ள வேண்டுவதில்லை.

பேரனின் திரைப்பட ஆசையைப் பற்றியும் ஒரு சொல். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிப் படம் பார்ப்பது பெரும்பாலும் அந்நிறுவனங்களின் ஒப்பந்த விதிக்கு மாறானது. கணக்கு முடக்கப்பட்டால் முறையிட இடமிராது.

வளைகுடாவில் இருப்போர்க்கு

நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேசுவது நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதனால் பலர் வி.பி.என்.னைப் போட்டுக்கொண்டு வீட்டாருடன் பேசுகின்றனர். இங்கிருந்து நாமும், 'அதைப் போட்டுக்கொண்டு பேசேன், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும்' என்று வற்புறுத்துகிறோம். தாயின் ஆவல் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்நாட்டின் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தை அறிந்தால் அவ்வாறு வற்புறுத்த மாட்டோம்.

குற்றம் புரிவதற்கோ, குற்றம் வெளிப்படாமல் தடுப்பதற்கோ ஐ.பி. முகவரியை மாற்றிக் காட்டினால் சிறைத்தண்டனையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நிறுவனங்கள் தம் காரியத்துக்கு வி.பி.என். வைத்திருப்பது அங்கும் குற்றமன்று. ஆனால் தடுக்கப்பட்ட சேவையை அடையத் தனிமனிதர் பயன்படுத்துவது ஆபத்தான எல்லையில் நிற்பது. குறைந்த அபராதத்தையே எடுத்துக்கொண்டாலும், ஒரு தொழிலாளியின் பல்லாண்டுச் சம்பாத்தியம் அதில் போய்விடும். ஊரில் அடமானம் மீட்க அனுப்ப வேண்டிய பணம் அது.

அங்கு உரிமம் பெற்ற 'போட்டிம்' போன்ற செயலிகள் உண்டு. அவற்றில் பேசச் சொல்வதே நாம் காட்டும் உண்மையான அன்பு. புதிதாக அந்நாட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளிடம், ஊறுகாய்ப் பொட்டலத்தோடு இந்த எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்புவோமாக.

முடிவாக

ஆழமறியாமல் காலை விடாதே என்பர் நம் பெரியோர். வி.பி.என். நல்லதுமன்று, தீயதுமன்று, அது ஒரு பாதை. அலுவலகத்துக்கென்றால் அலுவலகம் காட்டிய பாதையில் மட்டும் செல்க. சொந்தத் தேவைக்கென்றால் நடத்துபவரை அறிந்து செல்க. தேவையில்லையென்றால் வீண் செலவு செய்யாதிருக்க.

நம் சங்கத்து இளைஞர்களில் கணிப்பொறித் தொழிலில் இருப்போர் பலர். தம் தெருவிலும் கட்டிடத்திலும் உள்ள வயது முதிர்ந்தோர் இல்லங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, கைப்பேசியில் வேண்டாத வி.பி.என். செயலிகள் இருந்தால் நீக்கி, 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வருவார்களானால், அது பெருந்தொண்டு ஆகும். மணியார்டர் படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவிய முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். கருவி மாறியிருக்கிறது, அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமை மாறவில்லை.